பால்பல்

கட்டைவிரலில் ஒன்றுமில்லை. பிலோமினா அதை மறுபடியும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நகத்துக்குக் கீழே சதை திரண்ட இடத்தில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு பழுப்புப் பொட்டு, அவ்வளவுதான், இன்னும் இரண்டு நாளில் அதுவும் உதிர்ந்துவிடும், அப்புறம் அங்கே ஒரு பல் இறங்கியது என்று அவளே சத்தியம் செய்தாலும் யாரும் நம்பப் போவதில்லை. காலடியில் கூண்டுக்குள் நாய்க்குட்டி புரண்டு படுத்தது. காலை பதினொன்றரை மணி. சென்னை விமான நிலையத்துச் சரக்குப் பிரிவின் பின்பக்கம், வெளிநாட்டிலிருந்து வரும் பிராணிகளைப் பரிசோதித்து வெளியே விடுகிற அலுவலகம். நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிகள், தலைக்கு மேலே டக் டக்கென்று தட்டிக்கொண்டு சுற்றும் மின்விசிறி. மஸ்கட்டில் பதினாறு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு இன்றைக்குத்தான் அவள் ஒரேயடியாகத் திரும்பி வந்திருந்தாள். பெட்டிகள் எல்லாம் காரில் ஏறிவிட்டன. குட்டி மட்டும் பாக்கி. கிளியரிங் ஏஜென்ட் குணாளன் மூன்றாவது தடவையாக வந்து, “அடுத்தது நாமதான் மேடம். டாக்டரம்மா பாத்து ஒரு கையெழுத்து போட்டுட்டா நீங்க பாட்டுக்குத் தூத்துக்குடி கிளம்பிடலாம். பேப்பர் எல்லாம் பக்கா” என்றான். பக்கா. பேப்பரில் குட்டிக்கு வெறிநோய் ஊசி போட்ட தேதி ஜனவரி ஒன்பது. நிஜமாக ஊசி போட்டது பிப்ரவரி பதினான்கு. இன்றைக்குப் பிப்ரவரி இருபத்தாறு. ஜனவரி ஒன்பது என்றால் நாற்பத்தெட்டு நாள். பதினான்கு என்றால் பன்னிரண்டு நாள். நாட்டுக்குள் விட முப்பது நாள் ஆகியிருக்க வேண்டும். நாற்பத்தெட்டு, பன்னிரண்டு, முப்பது. விமானத்திலும் இதையேதான் எண்ணிக்கொண்டு வந்தாள், சாப்பாட்டுத் தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு.

மஸ்கட்டில் ஊசி போட்ட கிளினிக்கில் அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள், அதுதான் விஷயம், யாரோ எழுதி யாரோ கொண்டுவந்து கொடுத்த பேப்பர் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. குட்டியின் பிடரித் தோலைத் தூக்கி ஊசி இறங்கியதைப் பார்த்தாள். பயண ஏற்பாடு செய்கிற ஆள், வழுக்கைத் தலை, இனிமையாகப் பேசுகிறவன், அவள் பக்கம் சாய்ந்து, “சிஸ்டர், மூன்று மாதம் நிறையாத குட்டிக்குப் போடும் வெறிநோய் ஊசி கணக்கிலேயே வராது, போட்ட பிறகும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும், உங்களுக்கோ இருபத்தைந்தாம் தேதி விசா முடிகிறது, என்ன செய்வது சொல்லுங்கள்” என்று இந்தியில் கேட்டான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததை அவன் சம்மதமாக எடுத்துக்கொண்டான், அல்லது அவளே அவன் அப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் சும்மா இருந்தாளோ. குட்டியின் பிறந்த தேதி ஒன்பது வாரம் பின்னால் போனது, ஊசித் தேதி ஐந்து வாரம் பின்னால் போனது, முத்திரை விழுந்தது. இருபத்தைந்து வருட வேலையில் ஒரு நோயாளியின் சார்ட்டில் ஒரு எண்ணை அவள் மாற்றியது கிடையாது. புது டாக்டர் ஒருவர் ஒரு தடவை, ஆறு மணி மருந்தை ஒன்பதுக்குக் கொடுத்துவிட்டு, “ஆறுன்னு போட்டுடுங்க சிஸ்டர்” என்றபோது பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “நீங்களே எழுதுங்க டாக்டர், உங்க கையெழுத்துல” என்றாள். வார்டு முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அந்த பிலோமினா சிஸ்டர்தான் கிளினிக்கில் முத்திரையின் மை காயட்டும் என்று பேப்பரை விசிறிக்கொண்டு நின்றாள். எதற்காக? ஒரு நாய்க்காக. நாயைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிற, நாய் வைத்திருக்கும் வீட்டில் ஒரு வாய் டீ குடிக்காத அவள், ஒரு நாய்க்காக. இது அவள் வாங்கியதுகூட இல்லை. அறைத் தோழி ஷைனி கடையிலிருந்து தூக்கிவந்தாள், ஏதோ குளிர் தேசத்திலிருந்து வந்த ரகம் என்று. நான்காம் நாளே ஷைனியை சலாலா ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். “சேச்சி, ரெண்டு நாள் பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனவள் போனவள்தான். முதல் நாள் பிலோமினா கட்டிலை விட்டுக் கால் இறக்கவில்லை. துடைப்பக்கட்டையால்தான் பால் கிண்ணத்தைத் தள்ளினாள். இரண்டாம் நாள் டியூட்டி முடிந்து வந்து உடைகூட மாற்றாமல் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டாள், விழித்தபோது அது அவள் பாதத்தின்மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது, அந்தச் சின்ன மூச்சு காலுறை வழியாகச் சுடச்சுட ஏறியது, காலை எடுக்கவேண்டும் எடுக்கவேண்டும் என்று நினைத்தபடி ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தாள். பேரீச்சம்பழ நிறம். அங்கே கலாஸ் என்று ஒரு பேரீச்சை உண்டு, அதையே பெயராக வைத்தாள். வார்டில் எல்லோரும் சிரித்தார்கள், அரபியில் கலாஸ் என்றால் முடிந்தது என்றும் அர்த்தமாயிற்றே, இன்னொரு பெயர் கிடைக்கவில்லையா சிஸ்டர்.

முடிந்தது என்று எதைச் சொல்வது? முப்பத்தெட்டு வருடமாக ஒன்று முடியவில்லை. அப்போது அவளுக்குப் பத்து வயது, தம்பி லூர்துவுக்கு ஆறு. உப்பளத்துப் பம்புசெட் அறைக்குப் பின்னால் சாக்குப் பைக்குள் ஒரு குட்டியை ஒளித்து வைத்திருந்தான், சாம்பல் நிறம், ஒரு காது மடங்கியது. வீட்டுக்குத் தெரிந்தால் அம்மா தூக்கி எறிந்துவிடுவாள் என்று அவளிடம் மட்டும் சொல்லியிருந்தான். ஒருநாள் சாயங்காலம் கெண்டைக்காலைக் காட்டினான், இரண்டு புள்ளி, கொஞ்சம் சிவந்து. “ஏக்கா, விளையாட்டுக்குத்தான் கடிச்சுது. சொல்லிராத. மாதா சத்தியம்.” அவள் சத்தியம் செய்தாள். ரத்தம்கூட வரவில்லையே என்று நினைத்தாள், அல்லது வந்ததா, வந்து காய்ந்திருந்ததா, இத்தனை வருடம் கழித்து அந்தக் கால் நினைவில் சில நாள் ரத்தத்தோடு வருகிறது, சில நாள் ரத்தமில்லாமல். ஒரு வாரத்தில் குட்டி செத்துப்போனது. இரண்டு பேருமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள், லூர்து குச்சியில் சிலுவை கட்டினான். அப்புறம் இரண்டு மாதம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம், மழை, அவனுக்கு ஒரு புதுச் சட்டை. அந்த இரண்டு மாதம்தான், அந்த அறுபது சொச்சம் நாள்தான் அவளை விடவில்லை. ஒவ்வொரு நாளும் விடிந்தது, ஒவ்வொரு நாளும் அம்மா அடுப்படியில் இருந்தாள், போய்ச் சேலையைப் பிடித்து இழுத்து அம்மா தம்பியை நாய் கடிச்சிட்டு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் தண்ணீர்த் தம்ளரைப் பார்த்துத் தொண்டையைப் பிடித்துக்கொண்டு அலறினான். காற்று பட்டால் துடித்தான். தூத்துக்குடி பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: “நாய் எதுவும் கடிச்சுதாம்மா?” அம்மா, “இல்லையே சார்” என்றாள். டாக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். அவள் அவருடைய செருப்பைப் பார்த்தாள். நர்ஸிங் இரண்டாம் வருடத்தில், அறிகுறி தெரிந்துவிட்டால் எந்த மருந்தாலும் பிரயோஜனமில்லை என்று பாடத்தில் வந்தது, அன்றைக்கு அவள் சொல்லியிருந்தாலும் அவன் பிழைத்திருக்க மாட்டான். பக்கத்துப் பெண்கள் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவனைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அந்த அறுபது நாள்தான் இன்னும் பெரிதாகிவிட்டது.

மின்விசிறி தட்டியது. தண்ணீர் குடிக்கலாம் என்று பாட்டிலைத் திறந்தாள், வாயருகே கொண்டுபோனதும் தொண்டை இறுகுகிறதா என்று ஒரு கணம் காத்திருந்தாள், இறுகவில்லை, குடித்தாள், குடித்த பிறகு தன்மேலேயே எரிச்சல் வந்தது. நாலே நாளில் தொண்டை இறுகாது என்று உனக்குத் தெரியாதா. எல்லாம் தெரியும். நாலு நாளைக்கு முன்னால் பெட்டி கட்டும்போது கலாஸ் துணி என்று நினைத்து விரலைக் கவ்வியது, பால்பல், ஊசி மாதிரி இறங்கியது, ஒரு பொட்டு ரத்தம். ஓடிப்போய்ச் சோப்புப் போட்டுக் குழாயடியில் பதினைந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினாள். எத்தனை பேருக்கு அப்படிக் கழுவிவிட்டிருக்கிறாள். கழுவிய பிறகு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், அவளுடைய ஆஸ்பத்திரியிலேயே, குவார்ட்டர்ஸ் அதே கட்டடம்தான், இரண்டு மாடி இறங்கினால் போதும். ஆனால் அங்கே ஒரு படிவம் உண்டு. கடித்த பிராணி எது, யாருடையது, அதற்கு ஊசி போட்ட தேதி என்ன. எந்தத் தேதியை எழுதுவது? ஜனவரி என்று எழுதினால் தன் கையால் பொய், பிப்ரவரி என்று எழுதினால் பயணம் நின்றுவிடும். லிஃப்ட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள். ஒன்றும் இருக்காது. கடைக் குட்டிக்கு எங்கிருந்து வெறிநோய் வரப்போகிறது, அதன் தாய் யார் என்று தெரியாதுதான், எந்த ஊரில் எந்தக் கொட்டகையில் எது எதோடு கிடந்தது என்று தெரியாதுதான், ஆனாலும் துள்ளுகிறது, தின்கிறது, ஒன்றும் இருக்காது. லூர்துவின் குட்டியும் முதலில் துள்ளியது. போன் அதிர்ந்தது. தூத்துக்குடியிலிருந்து செலின் அக்கா, கூடப்பிறந்தவள். பத்து நாளாக அக்கா வீட்டில் குட்டி வரப்போகிற பேச்சுதான், அக்கா பேரன் ஜோவினுக்கு நாலு வயது, தினமும் வீடியோவில் குட்டியைக் காட்டச் சொல்லி, கண்ணாடித் திரையில் முத்தம் கொடுத்து, தன் விரலை நீட்டி, “கடி, கடி பாப்போம்” என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நேற்று அவளும் சிரித்தாள். சிரித்தபடி போனை வைத்துவிட்டுக் குளியலறையில் போய் நின்றாள். இப்போது அக்காவின் அழைப்பு அடித்து ஓய்ந்தது. எழுந்து அலுவலகத்தின் வாசல்வரை நடந்தாள், திரும்பி வந்தாள், கூண்டின் கதவைச் சரிபார்த்தாள், மறுபடி நடந்தாள். சொன்னால் என்ன செய்வார்கள்? அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்புவார்கள், அங்கே யார் இருக்கிறார்கள் வாங்கிக்கொள்ள, ஷைனியின் போன் எடுப்பதே இல்லை. இல்லை, ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். விதி என்றால் விதி. சொல்லாவிட்டால் இன்று ராத்திரிக்குள் ஜோவினின் மடியில் இருக்கும். ஒன்றும் இருக்காது. நாற்பத்தெட்டு, பன்னிரண்டு.

“மேடம், வாங்க வாங்க, கூப்புடுறாங்க.” குணாளன் கூண்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான்.

மேசைக்குப் பின்னால் இருந்த கால்நடை மருத்துவர் அங்கயற்கண்ணிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு கலாஸைக் கூண்டிலிருந்து எடுத்தார். அதன் வால் அவர் மணிக்கட்டில் அடித்தது. தோலுக்கடியில் இருக்கும் சிப்பைப் படிக்கிற கருவியைப் பிடரியில் வைத்தார், எண் வந்தது, பேப்பரோடு ஒத்துப்போனது, ஒரு டிக். உடம்புச் சூடு, ஒரு டிக். கண், காது, வயிறு. பிலோமினா ஒவ்வொரு டிக்கையும் எண்ணினாள், ஏதோ தன்னைப் பரிசோதிப்பதுபோல. அப்புறம் மருத்துவர் கட்டைவிரலால் குட்டியின் மேலுதட்டைத் தூக்கினார். பார்த்தார். மறுபடி பேப்பரைப் பார்த்தார்.

“நாலே முக்கால் மாசம்னு போட்டிருக்கு. முன்பல்லு ஒண்ணுகூட விழலையே? எல்லாமே பால்பல்லா இருக்கு.”

குணாளன் சட்டென்று, “சின்ன ரகம் மேடம், இதுங்களுக்கு லேட்டாத்தான் விழும்” என்றான்.

“ம்… சில குட்டிக்கு லேட்டாகும்தான்.” அவர் உதட்டை விட்டார். கலாஸ் மூக்கை நக்கிக்கொண்டது. அவர் பேனாவை எடுத்தார், படிவத்தை இழுத்தார், வழக்கமாகக் கேட்கிற குரலில், நிமிராமலே கேட்டார்: “இந்தக் குட்டி யாரையாவது கடிச்சிருக்காம்மா? பல்லு, நகம் ஏதாவது பட்டிருக்கா?”

கேள்வி என்னவோ அவ்வளவுதான். இல்லை என்று ஒரு சொல், அல்லது தலையைக்கூட லேசாக ஆட்டினால் போதும், அந்தப் பேனா கட்டத்துக்குள் ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும், கார் வாசலில் நிற்கிறது, ராத்திரி எட்டுக்குள் மதுரையைத் தாண்டிவிடலாம். மேசைக்கு அடியில் மருத்துவரின் கால் தெரிந்தது, ரப்பர் காலணி, அதில் ஈரம். தான் மறுபடி கீழே பார்த்துக்கொண்டிருப்பது பிலோமினாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கழுத்தை நிமிர்த்தினாள். அதற்கே கஷ்டமாக இருந்தது, கழுத்தில் யாரோ கை வைத்து அழுத்துவதுபோல.

“என்னைக் கடிச்சுது” என்றாள். “நாலு நாளாச்சு. ரத்தம் வந்துது.”

பேனா நின்றது.

“அப்புறம்… அந்தத் தேதி சரியில்ல டாக்டர். ஊசி போட்டு இன்னிக்குப் பன்னெண்டு நாள்தான் ஆகுது. வயசும் தப்பு. மூணு மாசம்கூட இன்னும் நெறையல. அங்க எழுதும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். எனக்குத் தெரியும்.”

“மேடம்!” என்றான் குணாளன். அவன் முகம் வெளுத்துவிட்டது. “மேடம் ராத்திரியெல்லாம் தூங்கல டாக்டரம்மா, பிளைட்டுல வந்த களைப்பு…”

“நீங்க கொஞ்சம் வெளிய இருங்க” என்றார் மருத்துவர். அவன் போனான். அவர் பேப்பர்களை ஒன்றாகச் சேர்த்து ஓரமாக வைத்தார். கோபப்படுவார் என்று பிலோமினா எதிர்பார்த்தாள். அவர் அவளுடைய கையைப் பிடித்து விரலைத் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்கு ஊசி போட்டீங்களா?”

“இல்ல.”

“நர்ஸுன்னு எழுதியிருக்கே?”

“ஆமா.”

மருத்துவர் விரலை விட்டுவிட்டுச் சீட்டுப் புத்தகத்தை இழுத்தார். “முதல்ல நீங்க. இங்கிருந்து நேரா ஆஸ்பத்திரி. சீட்டு எழுதித் தரேன், இன்னிக்கே முதல் ஊசி போட்டுக்கணும். குட்டியை வெளிய விட முடியாது. எங்க குவாரண்டைன் ஸ்டேஷன்லயே தனியா வச்சுக் கவனிப்போம். மூணு மாசம் நெறைஞ்சதும் மறுபடி ஊசி, அதுக்கப்புறம் முப்பது நாள். பொய் சர்ட்டிபிகேட்னு நான் மேலே எழுதித்தான் ஆகணும். உங்க பேருலயும் விசாரணை வரும். திருப்பி அனுப்பச் சொன்னாலும் சொல்லுவாங்க. நான் இப்ப எந்த வாக்கும் குடுக்க முடியாது.”

“கொன்னுடுவாங்களா டாக்டர்?”

“நல்லாத் துள்ளிக்கிட்டிருக்கற குட்டியை எதுக்கும்மா கொல்லணும்?” அவர் கலாஸின் காதுக்குப் பின்னால் சொறிந்தார். “நீங்க இப்ப சொன்னதால நாங்க பாத்துக்கறோம். வெளிய போனப்புறம் தெரிய வந்திருந்தா வேற கதை.”

ஒரு பணியாளர் கையுறை மாட்டிக்கொண்டு வந்து குட்டியை வாங்கிப்போனார். நடையின் கோடியில் ஒரு கதவு திறந்து மூடியது. கதவுக்கு அப்பால் அது ஒரு தடவை குரைத்தது, குரைப்புக்கூட இல்லை, கீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் விடாமல் முனகத் தொடங்கியது. பிலோமினா சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து படியில் நின்றாள். வெயில் நேராக உச்சியில் அடித்தது. குணாளன் கார் டிரைவரிடம் ஏதோ சொல்லிக் கையை விரித்துக்கொண்டிருந்தான். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள், அப்படி ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அதற்கு முன்னால், இப்போதே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு அறுபது நாள் ஓடிவிடும். அக்காவை அழைத்தாள்.

“ஏட்டி பிலோ, கிளம்பிட்டியா? நான் மீன் வாங்கி வச்சுருக்கேன். இந்தப் பய வாசல்லயே நிக்கான்.”

“அக்கா, குட்டி வராது.” எல்லாவற்றையும் சொன்னாள், தேதி, பல், விரல், ஊசி. செலின் அக்கா நடுவில், “ஐயோ மாதாவே” என்றாள், “உனக்கு ஒண்ணும் இல்லையே, உனக்கு ஒண்ணும் இல்லையே” என்று இரண்டு தடவை கேட்டாள். அப்புறம், “சரி போகட்டும், ஒரு நாய்தானே, நீ வந்து சேரு” என்றாள்.

“அக்கா, லூர்துவ நாய் கடிச்சுது.”

மறுமுனையில் பாத்திரச் சத்தம் நின்றது.

“பம்புசெட்டுக்குப் பின்னால ஒரு குட்டி வச்சுருந்தான். எங்கிட்டதான் காட்டினான். நான் சொல்லல. ஆஸ்பத்திரில அந்த டாக்டர் கேட்டாரு, அப்பவும் நான் சொல்லல அக்கா.”

சரக்கு வண்டி ஒன்று பின்னால் நகர்ந்து பீப் பீப்பென்று கத்தியது. இணைப்பு போய்விட்டதோ என்று பிலோமினா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன, திரும்பக் காதில் வைத்தாள்.

“மஞ்சள் அரைச்சு வச்சுக் கட்டினது நான்தாண்டி” என்றாள் செலின் அக்கா.

“என்ன?”

“எனக்குப் பதினாலு வயசு அப்ப. நொண்டிக்கிட்டு வந்தான். ஆணி குத்திட்டுன்னான். பாத்தாலே தெரியுது பல்லுன்னு. மஞ்சள வச்சுக் கட்டி, அம்மாட்ட சொல்லாத, அடி விழும்னு நான்தான் அவன்கிட்ட சொன்னேன்.” அக்காவின் குரல் தட்டையாக இருந்தது, பல தடவை தனக்குள்ளேயே சொல்லித் தேய்ந்துபோன மாதிரி. “நீ சின்னப்புள்ள. உனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நெனச்சிட்டிருந்தேன். நீ நர்ஸுக்குப் படிக்கப் போனப்ப, என்னைக்காச்சும் புஸ்தகத்துல வாசிச்சு வந்து எங்கிட்ட கேட்டுருவியோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்.”

பிலோமினா படியில் உட்கார்ந்துவிட்டாள். சிமெண்டுச் சூடு சேலை வழியாக ஏறியது. ஒரே வீட்டில், ஒரே பாயில், பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்தார்கள் இரண்டு பேரும், அக்காவுக்குக் கல்யாணமாகிப் போகிறவரைக்கும். இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு மற்றவர் மூச்சைக் கேட்டபடி இருந்தார்கள்.

“ஏ பிலோ.”

“ம்.”

“அது தனியா இருக்குமா? அழுமா?”

“அழும். இப்பவே அழுது.”

“போய்ப் பாக்க விடுவாங்களா?”

“தெரியல அக்கா. கேக்கணும்.”

“கேளு. காலம்பற பஸ்ஸுக்கு நானும் வாறேன். நீ முதல்ல அந்த ஊசியப் போடு. போட்டுட்டு எனக்கு போன் பண்ணு.”

பிலோமினா எழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் பக்கம் நாலடி போனவள் நின்று, திரும்பி, படியேறி உள்ளே போனாள், பார்க்கிற நேரம் எது என்று கேட்க.